இரண்டு பச்சை

மண்ணூர்ப் பக்கத்தில் முதன்முதலாகக் குரோம் தொட்டி வைத்தவன் நான். இதை யாரும் மறுக்க முடியாது. கார் கம்பெனிகள் வந்து, ஸ்ரீபெரும்புதூர் சாலையில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்க ஆரம்பித்த காலம் அது. ஒரு சைலன்சர் குழாய்க்கு முலாம் போட வேண்டுமென்றால்கூடச் சென்னைக்கு லாரி ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். மணிமங்கலத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றுபோய், கிண்டியில் பிறத்தியார் ஷெட்டில் இருபது வருஷம் பாலீஷ் தூசி தின்றவன், சவுக்குக் கம்பு நட்டுத் தகரம் போட்டு இங்கே கடை விரித்தேன். பேங்க் மேனேஜர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. கரண்டு கம்பம் என் மனைக்கு முந்நூறு அடிக்கு அப்பால் நின்றது. அதை இங்கே கொண்டுவர நான் நடந்த நடையில் இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது. தொட்டிக்கு உள்ளே ஈயத் தகடு நானே பற்றவைத்தேன். தொட்டிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் பழைய ரெக்டிஃபையர் பெட்டியை வாங்கி, எந்த இன்ஜினியரும் கிட்டே வராமல் நானே ஓடவிட்டேன். முதல் கூரை மழைக்காற்றில் பறந்தது. இரண்டாவது கூரை இன்றைக்கும் நிற்கிறது. ஒரகடம் வரைக்கும் இன்றைக்கு ஓடுகிற முலாம் ஷெட்டுகளில் பாதிப் பேர் என்னிடம் கை கறுத்தவர்கள்தான்.

தானாக வளர்ந்த மனுஷன் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். அப்படிச் சொல்லப் பழக்கியதும் நான்தான். ஆனால் அந்த ஷெட்டில் மூன்று வருஷம் ஒரு பெண் கெமிஸ்ட்டாக இருந்தாள். அவள் பேரை இங்கே எழுதப் போவதில்லை, அவளைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமை கிடையாது. அவளைப் பற்றி எழுதாமலே போய்ச் சேரவும் மனசு ஒப்பவில்லை.

பெரிய கம்பெனி ஆள் ஒருவர் எனக்கு வேலை கொடுக்க வந்தபோது, “இங்க கெமிஸ்ட் யாருங்க?” என்று கேட்டார். “நான்தான்” என்றேன். அவர் சிரித்த சிரிப்பில்தான் பேப்பரில் விளம்பரம் கொடுத்தேன். வந்தது இவள் ஒருத்தி. கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம் ஏதோ கரிசல் ஊர். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, தபால் வழியில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். குன்றத்தூரில் நாலு பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தாள். காற்றடித்தால் சாய்ந்துவிடுகிற உடம்பு. கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

படித்த பிள்ளைகளை மட்டம் தட்டி அனுப்புவதில் எனக்கு அப்போது ஒரு ருசி உண்டு. இரண்டு வாளி வைத்தேன். ஒன்றில் நிக்கல் தண்ணீர், அது பச்சை. மற்றதில் மருந்து போட்டு அடக்கிய குரோம் தண்ணீர், அதுவும் பச்சை. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிகிற வரைக்கும் தண்ணீர் விட்டு விட்டுச் சரிசெய்தேன்.

“எது இன்னாதுன்னு சொல்லு பாப்போம்.”

அவள் வாளிகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“ரெண்டும் பச்சையா இருக்கு அண்ணாச்சி.”

“அது எனக்கே தெரியுது. இன்னா தண்ணி அது?”

“நெறத்த வச்சுச் சொல்ல மாட்டேன். பாத்துட்டுச் சொல்லுதேன்.”

“இப்ப பாத்துக்கினுதானே கீற?”

“இது பாக்கதுல சேராது அண்ணாச்சி.”

எனக்குச் சுருக்கென்றது. “இதுக்குப் போயி…” என்று ஒரு வாளியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். என் குரு அப்படித்தான் பார்ப்பார். நானும் அப்படித்தான் பார்ப்பேன். நிக்கல் முதலில் இனித்து, பிறகு நாக்கைப் பிடிக்கும்.

“துப்புங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் தொட்டியடியில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். “மொதல்ல வாயக் கொப்பளிங்க அண்ணாச்சி!” வேலை கேட்டு வந்தவள், சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து, நான் நாலு தரம் கொப்பளிக்கிற வரைக்கும் நகரவில்லை. பிறகு இரண்டு வாளியிலும் கொஞ்சம் கொஞ்சம் சின்னப் புட்டியில் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள், கூப்பிடாமலே வந்தாள். பாரிமுனையில் வாங்கிய ஒரு பழுப்புப் புட்டி கையில் இருந்தது. அதிலிருந்து இரண்டு சொட்டு விட்டாள். ஒரு பச்சை, ரோஜாச் சிவப்பாகத் திரிந்துகொண்டு அடியில் இறங்கியது. இருபது வருஷம் நிக்கலோடு குடித்தனம் நடத்திய நான் அதற்குள் அப்படி ஒரு சிவப்பு இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“இது நிக்கல்” என்றாள். “மத்தது நிக்கல் இல்ல.”

“அப்போ குரோம்.”

“அது நீங்க சொல்லுதீங்க. நான் இன்னும் பாக்கல.”

அன்றைக்கே வேலைக்குச் சேர்த்தேன்.

மூன்று வருஷத்தில் அவள் அந்த வார்த்தையை விட்டுக்கொடுத்ததே இல்லை. பாத்துட்டுச் சொல்லுதேன். பார்த்த பிறகு சொல்லாமல் இருந்ததும் இல்லை. எதிரே நிற்பது முதலாளியா, கம்பெனி மேனேஜரா என்பது அவளுக்குக் கணக்கில்லை. கண்ணாடிக் குழாயிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விட்டு அளந்துகொண்டிருப்பதால் ஆட்கள் அவளுக்குச் சொட்டு டீச்சர் என்று பேர் வைத்தார்கள். வைத்தவன் ஏழுமலை. கழிவுத் தண்ணீர்க் குழிகளைப் பார்த்துக்கொண்டவன், மண்ணூர்க்காரன், நான் ஷெட் போட்ட நாளிலிருந்து கூட இருந்தவன். தகரக் கூரை அதிர மழை கொட்டும்போது அவன் வேண்டுமென்றே கேட்பான்:

“டீச்சரே, மழை பெய்யுதா இன்னா?”

“வெளிய போயி நனஞ்சுட்டுச் சொல்லுதேன்.”

“டீயில சக்கர கீதா டீச்சரே?”

“ஒங்க டீயக் குடுங்க, குடிச்சுட்டுச் சொல்லுதேன்.” சொன்னபடி குடித்தும்விடுவாள். சிரிப்பதில் அவளுக்குக் குறைவே இல்லை.

அவள் படித்ததெல்லாம் இந்த உலோகங்களைப் பற்றித்தான். இடைநிலை உலோகங்கள் என்று அவற்றுக்குப் பேராம். குரோமியம், இரும்பு, நிக்கல், செம்பு என்று என் தொட்டிகளில் கிடந்தவை எல்லாம் அந்த ஒரே வரிசையில் வருகிறவை. பஸ் டிக்கெட்டுகளின் பின்பக்கம் பொடி எழுத்தில் எழுதி வைத்து, குன்றத்தூரிலிருந்து வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்வாள். அவள் மேஜை இழுப்பறை முழுக்க டிக்கெட். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் ஏழுமலை ஒரு டிக்கெட்டை எடுத்து, “இந்த அம்புக்குறி எல்லாம் இன்னா டீச்சரே?” என்றான்.

“எலெக்ட்ரான். ஷிப்ட் பஸ்ஸுல அஞ்சு சீட்டு இருக்குன்னு வைங்க. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு பேரு உக்காரலாம். மொத ஆளு ஏறுனா ஜன்னலோரம் உக்காருவான். அடுத்தவன் அவன் பக்கத்துலயா போயி உக்காருவான்?”

“எவன் உக்காருவான்? காலி சீட்டுக்குத்தான் போவான்.”

“அதேதான். அஞ்சு சீட்டுலயும் ஒரொரு ஆளு ஆன பெறகுதான் ஜோடி சேரும். உலோகத்துக்குள்ளயும் அப்படித்தான்.”

“லேடீஸ் சீட்டு எது டீச்சரே?” என்றான் ஏழுமலை. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனால் எனக்கு அது ஐந்து நிமிஷத்தில் விளங்கியது. கம்பெனி மேனேஜர்களுக்கே அதை நான் திருப்பிச் சொல்லி அசத்தியிருக்கிறேன்.

இன்னொரு தரம் பதினைந்து நாள் முகம் வாடித் திரிந்தாள். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டேன். “குரோமியம் ஏன் மஞ்சளா இருக்குன்னு தெரியல அண்ணாச்சி” என்றாள். வெளிச்சம் பட்டால் கீழ் சீட்டில் இருக்கிற எலெக்ட்ரான் மேல் சீட்டுக்குத் தாவும், தாவும்போது கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும், தின்றது போக மிச்சம்தான் நம் கண்ணுக்கு நிறமாகத் தெரிகிறது, இப்படி அவள் புத்தகம் சொல்கிறது. ஆனால் என் தொட்டியில் இருக்கிற குரோமியம் ஆறு எலெக்ட்ரானையும் இழந்துவிட்டது. சீட்டில் ஆளே இல்லை. தாவ ஆளில்லாமல் அத்தனை அழுத்தமான நிறம் எங்கிருந்து வருகிறது? ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குச் சென்னை போய்ப் பேராசிரியரைக் கேட்டு வந்தாள். திங்கள்கிழமை கேட்டுக்கு உள்ளே வரும்போதே சொன்னாள்:

“பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்க ஆக்சிஜன்கிட்டருந்து ஒரு கணம் வாங்குது அண்ணாச்சி. அதான் அவ்வளவு மஞ்சள்.” பிறகு குரல் இறங்கியது. “தன் கையில ஒண்ணும் இல்லாததுனால எது கிட்ட வந்தாலும் பிடுங்கப் பாக்கும். தோலு, சதை எல்லாத்துலருந்தும். நம்ம ஆளுக கையில இருக்க புண்ணு அதான்.”

எங்கள் ஆட்களுக்கு விரல் கணுவில் உளுந்து அளவுக்குக் குழிப்புண் வரும். வலிக்காது, சீக்கிரம் ஆறவும் ஆறாது. தொழில்காரன் என்பதற்கு அடையாளம் அது என்று நாங்கள் பெருமையாகக் காட்டிக்கொள்வோம். அவள் டார்ச் லைட் வாங்கி வந்தாள். ஒவ்வொருவரையும் அண்ணாந்து நிற்கச் சொல்லி மூக்குக்குள் பார்த்தாள். கடைசியில், “நீங்களும் அண்ணாச்சி” என்றாள்.

நான் அண்ணாந்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“பாத்துட்ட இல்ல? சொல்லு.”

“மூக்குத் தண்டுல ஓட்ட இருக்கு. இந்தப் பக்கம் லைட் அடிச்சா அந்தப் பக்கம் வெளிச்சம் வருது.”

“எனக்கு வலிச்சதே இல்லியேம்மா.”

“வலிக்காதாம்.”

ஒரே வாரத்தில் தொட்டிகளுக்கு மேலே புகை இழுக்கிற விசிறி போட்டேன். இந்த வட்டாரத்தில் அதையும் முதலில் போட்டவன் நான். அவள் சொல்லித்தான் போட்டேன் என்பதை இப்போதுதான் எழுதுகிறேன்.

இனி எழுதப்போவதற்குத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

எங்கள் ஷெட்டில் இரண்டு குழி. நிக்கல் கழுவிய பச்சைத் தண்ணீருக்கு ஒன்று, குரோம் கழுவிய மஞ்சள் தண்ணீருக்கு ஒன்று. குரோம் குழியில் ஆசிட் விட்டு, மெட்டா என்று நாங்கள் சொல்லும் வெள்ளைத் தூளைக் கொட்ட வேண்டும். தீக்குச்சி கொளுத்திய வாடை வரும். மஞ்சள் போய்த் தண்ணீர் பச்சையாகும். விஷம் அடங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். அதன் பிறகு சுண்ணாம்பு கொட்டினால் பச்சைச் சேறு அடியில் படியும். மேலே தெளிந்த தண்ணீரைப் பின்பக்க வாய்க்காலில் திறந்துவிடுவோம். பச்சையானால் போதும் என்பது நான் வைத்த சட்டம். அவள் வந்து அதில் இரண்டு சேர்த்தாள். சுண்ணாம்புக்கு முன்னால் ஒரு சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். ஊதா வந்தால் விஷம் இன்னும் இருக்கிறது. அப்புறம், திறக்கும் ஒவ்வொரு குழித் தண்ணீரிலும் ஒரு புட்டி பிடித்து அலமாரியில் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் குழி நோட்டு என்று ஒரு நோட்டில் எழுதுவாள். எம்.எஸ்ஸி.க்குக் கடைசியில் ஒரு ஆய்வு செய்து எழுதித் தர வேண்டுமாம். அவள் என் குரோம் குழியைத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சைக்கு நாலு நாள் லீவு கேட்டாள். போகும்போது, “ஊதா மருந்து ஒரு சொட்டு. அதப் போடாம திறக்காதீங்க அண்ணாச்சி” என்றாள்.

“போம்மா. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே தொட்டி பாத்தவன் நான்.”

மூன்றாம் நாள். சைலன்சர் குழாய் அவசர ஆர்டர். கம்பெனி ஆள் ஷெட்டிலேயே நின்று கத்திக்கொண்டிருந்தார். நிக்கல் குழி விளிம்பு தட்டிவிட்டது. ஹோஸ் போட்டு அந்தத் தண்ணீரைக் குரோம் குழிக்கு மாற்றச் சொன்னேன், ஏழுமலை மாற்றினான். மதியம் அவன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நான் குரோம் குழியைக் கழியால் கிளறிப் பார்த்தேன். பச்சை. ஏழுமலை மெட்டா போட்டுவிட்டான் என்று நினைத்தேன். சாப்பிட்டு வந்தவன், கழியோடு நிற்கிற என்னைப் பார்த்து, நான் போட்டுவிட்டேன் என்று நினைத்தான். போட்டாச்சா என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பச்சை உண்டு என்று, ஒரு பெண்ணை மடக்குவதற்காக வாளி வாளியாகக் கலக்கி வைத்தவன் நான். காலையில் ஹோஸ் போடச் சொன்ன வாயும் என் வாய்தான். அந்த நேரத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“சுண்ணாம்பு கொட்டு. தெளிஞ்சதும் தொற” என்றேன்.

சேறு வழக்கம்போலப் பச்சையாகத்தான் படிந்தது. அது நிக்கல் சேறு.

“அண்ணே, மேல் தண்ணி லேசா மஞ்சளா கீது” என்றான் ஏழுமலை.

“வெயிலுடா. தொற.”

“டீச்சரு ஒரு சொட்டு வுட்டுப் பாக்கச் சொல்லிச்சே?”

“டீச்சரு மொதலாளியா, நான் மொதலாளியா?”

அவன் திறந்தான். திறப்பதற்கு முன்னால், அவள் சொன்னபடி ஒரு புட்டி பிடித்து அலமாரியில் வைத்துவிட்டுத்தான் திறந்தான்.

பரீட்சை முடிந்து வந்தவளிடம், “எப்படிம்மா எழுதின?” என்றேன். “ரிசல்ட் வந்த பெறகு சொல்லுதேன்” என்று அலமாரிப் பக்கம் போனாள். மூன்றாம் நாள் புட்டியை எடுத்தாள். ஒரு சொட்டு விட்டாள். நாவற்பழம் நசுக்கியதுபோல ஊதா.

காலிப் புட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாக நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் தனகோட்டி நிலம். பரம்பரையாகக் கீரையும் கத்திரியும் போடுகிறவர். அவர் வீட்டுக்குக் குடிதண்ணீரும் அந்தக் கிணறுதான். கிணற்றோரம் வாய்க்கால் கரை உடைந்து, தண்ணீர் உள்ளே இறங்கிய தடம் காய்ந்து கிடந்தது. கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டு. இளசாக, ஆனால் ஊதா.

“மொதல்ல உள்ள வா, பேசலாம்” என்று வழியை மறித்தேன். “ஆர்டர் போயிடும்மா. ஷெட்டு மூடிடுவாங்க. முப்பது குடும்பம் கீது இங்க.”

“அங்கன தண்ணி எறச்சுக்கிட்டு இருக்காங்க அண்ணாச்சி. சொல்லிட்டு வாரேன், பெறகு பேசுவோம்.”

என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் தனகோட்டி மனைவியின் கையிலிருந்து குடத்தை வாங்கிக் கவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாவின் இரண்டு கையிலும் இரண்டு நாளாக அரிப்பு, தடிப்பு. கடலைமாவு தேய்த்துக்கொண்டிருந்தாராம்.

அரை மணி நேரத்தில் தனகோட்டி உறவு ஜனத்தோடு ஷெட்டுக்குள் நின்றார்.

“எவன்டா தொறந்தது? சொல்லு! எங்க வூட்டு ஜனம் குடிக்கிற தண்ணிடா அது!”

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். முதலாளி தப்பு என்றால் ஷெட்டு மூடும்; ஆள் தப்பு என்றால் ஆள் போவான், ஷெட்டு நிற்கும். இதை யோசிக்க எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

“ஏழுமலதான். என்னைக் கேக்காம தொறந்துட்டான்” என்றேன்.

ஏழுமலை என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். தனகோட்டி அவனுக்கு மாமன் முறை. “நீயாடா?” என்று கேட்டார். அவர் காறித் துப்பிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்ததும் அவள் குழி நோட்டை விரித்து உட்கார்ந்தாள். ‘காரணம்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினாள்.

“அவரு திறந்தத நீங்க பாத்தீங்களா அண்ணாச்சி?”

“நான் ஆபீஸ்ல இருந்தேன். எனக்குத் தெரியாது.”

ஏழுமலையைக் கூப்பிட்டாள். “நீங்களாத்தான் திறந்தீங்களாண்ணே? ஓனர் வந்து பாக்கலையா?”

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. “ஆமா டீச்சர். நானாதான் தொறந்தேன். அவரு பாக்கல.”

“மஞ்சளா இருந்துச்சா?”

“கவனிக்கல டீச்சர்.”

புட்டி பிடித்து வைத்தவன் கவனிக்கவில்லை என்கிறான். அது அவளுக்கு உறுத்தியிருக்கும். அலமாரியில் இருந்த புட்டியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

“இதச் சொட்டு விட்டுப் பாக்க மருந்து இல்லையே அண்ணாச்சி” என்றாள். எழுதினாள்.

கிணற்றைச் சுத்தம் செய்தோம். அதற்கு அவள் சொன்னது அன்னபேதி உப்பு. நாட்டு மருந்துக் கடையில் விற்கிறதே, அதேதான்; இரும்பு உப்பு. இரும்பு தன் எலெக்ட்ரானைக் குரோமியத்துக்குக் கொடுத்து அதை அடக்கிவிடுமாம், தான் துருவாகப் போகுமாம். கிணற்றை இறைத்து இறைத்துத் தொட்டியில் தேக்கி, அன்னபேதி போட்டு, காவி நிறத்தில் படிந்த துருவை அள்ளினோம். மூன்று மாதம். தனகோட்டி வீட்டுக்கு லாரித் தண்ணீர் நான் அனுப்பினேன். வாரம் ஒரு தரம் அவள் கிணற்றில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். ஊதா வெளிறிக்கொண்டே வந்து, ஒருநாள் வெறும் தண்ணீராகவே நின்றது. அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் பார்த்தாள். பிறகுதான் தனகோட்டி வீட்டில் போய்ச் சொன்னாள். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டாள்.

“ஏம்மா? சம்பளம் போதலையா?”

“அதெல்லாம் இல்ல அண்ணாச்சி.”

“பின்ன இன்னா?”

முதல் தடவையாக, பார்த்தும் சொல்லாமல் போனாள். அப்படித்தான் எனக்குப் படுகிறது. எனக்கு நிச்சயமில்லை.

ஏழுமலை அதற்கு முன்பே போய்விட்டான். நான் போகச் சொல்லவில்லை. ஆனால் அவனை இருக்கச் சொல்லவும் இல்லை. ‘கெணத்தைக் கெடுத்தவன்’ என்று ஊரில் பேராகிவிட்டது. வேறு எந்த முலாம் ஷெட்டும் அவனைச் சேர்க்கவில்லை. அவன் மகள் கல்யாணத்துக்குத் தனகோட்டி வகையறா ஒருத்தரும் போகவில்லை. குன்றத்தூர்ப் பக்கம் குடிபோய், ஒரு அடுக்குமாடி கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தான்.

அடுத்த வருஷம் தபாலில் அவளுடைய ஆய்வு வந்தது. நீல அட்டை, தங்க எழுத்து. வேலை செய்த இடத்துக்கு ஒரு பிரதி அனுப்புவது முறையாம். முழுக்க இங்கிலீஷ். நடுவில் வண்ணப் படங்கள். என் குழி மஞ்சளாக, பச்சையாக, ஊதாவாக. அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவேன். “நம்ம ஷெட்டுலதான் இந்த ஆராய்ச்சி நடந்துச்சு” என்பேன். எத்தனை வருஷம் காட்டினேன்! உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரையும் படிக்கச் சொன்னதில்லை.

போன மாதம் என் மகள் ஆபீஸை ஒழுங்குபண்ணும்போது அதை எடுத்து, சும்மா படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். முதலில் நன்றிப் பக்கம். உரிமையாளர் பெருந்தன்மையோடு எல்லா உதவியும் செய்தார் என்று இருக்கிறது. நாற்பத்தோராம் பக்கத்தில் கிணற்று விஷயம். ‘உரிமையாளருக்குத் தெரியாமல் பணியாள் அலட்சியமாகத் திறந்துவிட்டதே காரணம்.’

“யாருப்பா அந்த ஆளு? சரியான சோம்பேறியா இருப்பான் போல” என்றாள் மகள்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மறுநாள் குன்றத்தூர் போனேன். கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்தான். இத்தனை வருஷம் கழித்தும் எனக்காக எழுந்து நிற்கிறான். விஷயத்தைச் சொன்னேன். தனகோட்டி வீட்டுக்கு இரண்டு பேருமாகப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன்.

“இப்ப இன்னாத்துக்கு அண்ணே? அந்த ஆளு செத்தே வருசமாவுது. எல்லாரும் மறந்துட்டாங்க.”

“நீ?”

“நான் எப்டிண்ணே மறப்பேன்? நான்தானே அவரு மூஞ்சியப் பாத்தேன்.”

தனியாகத்தான் போனேன். தனகோட்டியின் மகன்களிடம் சொன்னேன். அவர்கள் எனக்கு டீ கொடுத்தார்கள். நிலத்தை விற்று வெகு நாளாகிவிட்டது, விடுங்க பெரியவரே என்றார்கள். நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்பார்கள் என்று போனவனுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. வாயால் சொன்னது காற்றோடு போகிறது. அவள் எழுதியது அட்டை போட்டு நிற்கிறது. பல்கலைக்கழகத்திலும் ஒரு பிரதி இருக்குமாம். பின்னால் வருகிற பிள்ளைகள் எடுத்துப் படிப்பார்களாம்.

தெற்கே ஏதோ கல்லூரியில் அவள் இதே பாடத்தை நடத்துவதாகக் கேள்வி. அம்மா, நீ இதைப் படித்தால் தெரிந்துகொள். உன் புத்தகத்தில் நீ பார்க்காமல் எழுதியது அந்த ஒரு வரிதான், அதுவும் என்னை நம்பி எழுதியது. நீ கேட்ட இரண்டு பேரும் பொய் சொன்னோம். அவன் பொய்யும் என் கணக்கில்தான் சேரும்.

நான் செய்த எதையும் அடுத்தவன் பேரில் விட்டவன் இல்லை. இதையும் விடமாட்டேன். நன்றிப் பக்கத்திலிருந்து என்னை எடுத்துவிடு. நாற்பத்தோராம் பக்கத்தில் ‘பணியாள்’ என்பதை அடித்துவிட்டு, திறக்கச் சொன்னவன் என்று என் பேரைப் போடு. இனிஷியலோடு, முழுசாகப் போடு. பக்கத்தில், எச்சரித்தவன், தண்ணீரைப் புட்டியில் பிடித்து வைத்தவன் என்று ஏழுமலை பேரைப் போடு. பிரதி இருக்கிற இடத்திலெல்லாம் மாற்று. மாற்றிவிட்டு எனக்கு ஒரு பிரதி அனுப்பு. என் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.